முப்பத்தொன்றாம் மாடிக் கண்ணாடியின் சாட்சி

முப்பத்தொன்றாம் மாடியின் தென்மேற்குக் கண்ணாடி என் வாப்பாவைத் துரோகி என்று சொன்னபோது நான் செய்த முதல் காரியம், கட்டட நிர்வாகத்தைக் கூப்பிட்டு அந்தக் கண்ணாடியை மாற்றித் தரச் சொன்னது.

வந்து பார்த்த மிஸ் லாம், விரல் நுனியால் கண்ணாடியைத் தடவினாள். "இதில் பழுது ஒன்றும் இல்லையே, மிஸ்டர் ஸதக்."

"பொய் சொல்கிறது. அது பழுதில்லையா?"

அவள் சிரிக்கவில்லை. சிங்ஹோய் டவரின் பதிவுப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. ஹாங்காங் துறைமுகத்தின் கவ்லூன் கரையில் எண்பத்திரண்டு மாடிகளோடு நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் எந்தக் கப்பலும் உள்ளே வர முடியாது. அஞ்சல் தலையில் அதுதான், பள்ளிப் பிள்ளைகளின் படத்திலும் அதுதான். கட்டி முடித்த முதல் வருஷமே என் வாப்பா முப்பத்தொன்றாம் மாடியில் கடை எடுத்தார். காயல்பட்டினத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ரத்தினக் கல் வியாபாரம் செய்கிறவர்கள் நாங்கள். அதே மாடியில் வியாபாரிகள் சங்கத்துக்கு இருக்கும் கூடத்தின் பெயர் நெய்னா முஹம்மது கூடம். நெய்னா முஹம்மது என் வாப்பா.

"ஒரு கண்ணாடிக்குக் காது எப்படி முளைத்தது என்று சொல்லுங்கள்," என்றேன்.

"காற்றுக்காக வைத்தது, மிஸ்டர் ஸதக். சூறாவளி அடித்தால் கட்டடம் ஆடும். ஆட்டத்தை அடக்க உச்சியில் ஓர் எஃகு உருண்டை தொங்குகிறது. காற்று எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்துகிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு கண்ணாடியிலும் மயிரிழை போல ஒரு கருவி. கண்ணாடியின் சின்ன அதிர்வையும் அது எழுதி வைக்கும். முதல் நாளிலிருந்து எழுதி வைத்திருக்கிறது."

"அது காற்றுக்கு."

"பேச்சும் காற்றுதானே? ஜன்னலருகே யார் பேசினாலும் கண்ணாடி அதிரும். அந்த அதிர்விலிருந்து பேச்சைத் திரும்ப எடுக்க இப்போது முடிகிறது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். அந்த 'அவ்வளவுதான்' கட்டடத்தை என்ன செய்தது என்பதை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாம் மாடியில் ஒன்றாக வைரம் விற்ற இரண்டு குஜராத்திச் சகோதரர்கள், ஒருவர் இல்லாதபோது மற்றவர் பேசியதைக் காசு கொடுத்துக் கேட்டார்கள். இப்போது கடைக்கு நடுவே சுவர் நிற்கிறது. ஒரு கப்பல் கம்பெனி அதிகாரியின் விதவை நாள்தோறும் மதியம் வந்து, புருஷன் தொண்டையைச் செருமும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போவாள். மேஜைகளெல்லாம் ஜன்னலை விட்டு அறையின் நடுவுக்கு வந்துவிட்டன. முப்பத்தைந்தாம் மாடி வக்கீல் ஒருவர் கட்சிக்காரர்களைக் கழிப்பறையில்தான் சந்தித்தார். அங்கே ஜன்னல் கிடையாது.

போதாததற்குச் சட்டமும் வந்தது. குரல் இன்னாருடையது என்று கட்டடம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் உறுதி சொன்னால், அந்தப் பதிவை எதிர்த்து மனிதன் சொல்லும் வார்த்தை செல்லாது. அதே உறுதியுள்ள இன்னொரு பதிவுதான் அதை வெல்ல முடியும்.

"உங்கள் தந்தையின் குரல் என்று தொண்ணூற்றேழு சொல்கிறது," என்றாள் மிஸ் லாம். "அன்று அவருடைய அட்டையில்தான் கதவும் திறந்திருக்கிறது. இந்தப் பதிவைக் கேட்டு மனுக் கொடுத்தவர் இன்று உங்களைப் பார்க்க வருவார். கேட்டுவிட்டுப் பேசுங்கள்."

"கேட்க ஒன்றுமில்லை. என் வாப்பாவை எனக்குத் தெரியும்," என்றேன்.

லுஹர் தொழுகை முடிந்து நான் கடைக்குத் திரும்பியபோது ஜொஹரா வாசலில் நின்றாள். மவுத்தாகிப்போன ஷெய்கு தாவூதின் மகள். ஊர்க்காரப் பெண்ணானாலும் ஹாங்காங்கிலேயே பிறந்து, இங்கேயே ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்துகிறவள். சலாம் சொன்னாள். மூத்தவர்களைக் காக்கா என்று கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கத்தை அவள் விடவில்லை. உட்காரச் சொன்னேன்.

"உக்கார வரல்ல, காக்கா. சங்கக் கூடத்துல இருந்து உங்க வாப்பா பேரை எடுக்கணும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல கேக்கப்போறேன். முகத்துக்கு நேரா சொல்லிட்டுக் கேப்போமேன்னு வந்தேன்."

"அந்தப் பேரை எடுக்க இன்னும் ஒருத்தன் பொறக்கல்ல."

"பொறந்து நாப்பத்தெட்டு வருஷமாச்சு. ஆம்புள இல்ல, அதான் உங்க கண்ணுக்குப் படல்ல." அவள் குரல் ஏறவில்லை. "எங்க வாப்பா ஒரு நீலக்கல்லை பத்திரமா இருக்கட்டும்னு உங்க கடையில அமானிதமா வச்சாங்க. திருப்பிக் கேக்கும்போது நெய்னா கடையில இல்லைன்னுட்டாங்க. காயல்ல இருக்கிற எங்க மாமாமார் யாரை நம்புனாங்க? நெய்னா கடையை. 'வித்துத் தின்னுட்டு நல்ல மனுஷங்க மேல பழி போடுறான்'னு பந்தியிலயே வச்சுச் சொன்னாங்க. மறு வருஷம் அந்தப் பேரோடயே மவுத்தாப் போனாங்க. எனக்கு அப்ப பத்து வயசு."

"என் வாப்பா அமானிதத்துல கை வைக்கிறவங்க இல்ல."

"கேளுங்க," என்று சொல்லி, கைப்பையிலிருந்து சின்ன ஒலிப்பெட்டி ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

நாற்காலி நகரும் சத்தம். யாரோ இருமினார்கள். வெளியே காற்று. பிறகு ஒரு குரல், அறையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாக:

"பொட்டலமா? எந்தப் பொட்டலம்? இங்க யாரும் எதுவும் தரல்ல."

அவ்வளவுதான். ஜொஹரா பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்," என்றேன். அவள் போய்விட்டாள்.

மிஸ் லாமின் கட்டடம் சொன்னது பொய் என்று நான் சொன்னேன் அல்லவா? அது பொய்தான். அது என் வாப்பாவின் குரல் அல்ல. என்னுடையது.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. வாப்பா வீட்டில் படுத்தபடுக்கையாக நாற்பது நாள் கிடந்தார். அதிலிருந்து எழவே இல்லை. பெட்டக அறை அவர் அட்டைக்குத்தான் திறக்கும் என்பதால் அதை என்னிடம் கொடுத்திருந்தார். தாவூது காக்காவின் நீலத்தைப் பார்த்தேன். பழைய காலத்துப் பட்டை, ஒளி ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. நம் கையில் இருக்கும்போதே சரியாகப் பட்டை தீட்டிக் கொடுத்தால் இரண்டு பெரியவர்களும் மெச்சிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். யாரையும் கேட்காமல் தீட்டக் கொடுத்தேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்திருக்கிறது. சக்கரத்தில் வைத்ததும் கல் பிளந்துவிட்டது.

துண்டுகளைப் படகில் போகும்போது கடலில் போட்டேன். கடையின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பது ஒன்றே என் மனத்தில் இருந்தது. தாவூது காக்கா கேட்டு வந்தபோது இல்லை என்றேன். "தாவூதுட பொருளைக் கொடுத்துட்டியா?" என்று படுக்கையிலிருந்து வாப்பா கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். அந்த வாரமே அவர் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு குடும்ப மானத்தைக் காப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டவன் நான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த என் மகன் ரிஃபாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடலுக்கு அக்கரையில் வங்கி வேலை அவனுக்கு. கல் வியாபாரம் பிடிக்காது. டவருக்குள் காலெடுத்து வைத்தே பல வருஷம். கடைசிவரை கேட்டான். சோற்றைத் தொடவில்லை.

"அன்னைக்குக் கடையில வேற யாரெல்லாம் இருந்தாங்க?"

"மூணு தரகர்மார். எல்லாரும் மவுத்தாயிட்டாங்க."

"தாவூது அப்பா வாயால கேட்டாங்களா, கைபோட்டுக் கேட்டாங்களா?" எங்கள் ஊரில் பாட்டன் முறையானவரை அப்பா என்போம்.

"கைபோட்டுத்தான். நாலு பேர் முன்னால கடையைச் சந்தேகப்படுற மாதிரி ஆகக் கூடாதுன்னு துண்டைப் போட்டாங்க."

எங்கள் வியாபாரத்தில் கல்லுக்கு விலை பேசும்போது இருவர் கைகளுக்கும் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். உண்மையான பேச்சு விரல்களில் நடக்கும். வாய், சுற்றி இருப்பவர்களைக் குழப்புவதற்காக வேறொன்றைச் சொல்லும். அது பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரிஃபாயின் முகம் தெளிந்தது. "பின்ன என்ன வாப்பா? பேசுனது அப்பாதான்னே இருக்கட்டும். வாயால இல்லைன்னாங்க, விரலால 'பத்திரமா இருக்கு, அப்புறம் வா'ன்னாங்க. அவங்களும் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. சங்கத்துல இருக்கிற அத்தனை கிழவரும் ஒத்துக்குவாங்க. கண்ணாடிக்கு விரல் கேக்காதே!"

புத்திசாலிப் பிள்ளை. அந்த ஒரு கணம் எனக்கும் மூச்சு லேசானது.

"அப்ப தாவூது காக்கா?" என்றேன்.

"அவங்களுக்கென்ன?"

"வாங்கிட்டுப் போய், வாங்கவே இல்லைன்னு வீட்டுல சொன்னவங்களா ஆயிருவாங்களே."

"அவங்க மவுத்தாகி முப்பத்தெட்டு வருஷமாச்சு, வாப்பா."

"எங்க வாப்பா மவுத்தாகி முப்பத்தொம்பது. ரெண்டு மய்யித்துல ஒண்ணுக்கு மட்டும் மானம் வேணுமா?"

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். "ஊரெல்லாம் உங்களைப் பத்தி என்ன பேசும்னு யோசிச்சீங்களா? எங்களைப் பத்தி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடம் நிறைந்துவிட்டது. மிஸ் லாம் அறிக்கையை வாசித்தாள். ஜொஹரா முன் வரிசையில் இருந்தாள். செயலாளர் இல்யாஸ் என்னைப் பார்த்து, "ஹாஜியார் ஏதாச்சும் சொல்றீங்களா?" என்றார்.

எழுந்து நின்றேன். ஒளிக்காமல், அலங்கரிக்காமல், கல் பிளந்ததிலிருந்து கடலில் போட்டதுவரை சொன்னேன். "அந்தக் குரல் என்னுடையது. இல்லையென்று சொன்னவன் நான். நெய்னா முஹம்மது அன்று வீட்டில் படுக்கையில் கிடந்தார்."

மிஸ் லாம் கையிலிருந்த திரையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு, கெட்ட சேதி சொல்லும் மருத்துவரைப் போல நிதானமாகச் சொன்னாள்: "மன்னிக்க வேண்டும். உங்கள் இன்றைய குரலோடு ஒப்பிட்டால் ஐம்பத்தெட்டுதான் வருகிறது. உங்கள் தந்தைக்குத் தொண்ணூற்றேழு. அட்டையும் அவருடையது. சட்டப்படி உங்கள் வாக்குமூலம் செல்லாது."

"எழுபத்தாறு வயசுக் குரலை முப்பத்தேழு வயசுக் குரலோடு ஒப்பிட்டால் வேறென்ன வரும்?"

"அன்றைய உங்கள் குரல் எங்களிடம் பதிவாகவில்லையே. கடை உங்கள் தந்தை பெயரில் இருந்தது."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மகன்னா இப்படில்லவா இருக்கணும்! வாப்பாட பழியைத் தன் தலையில போட்டுக்கிறார் பாருங்க!" இன்னொருவர் கண்ணைத் துடைத்தார். ஒருவர் பின் ஒருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். நான் கத்தினேன். கத்தக் கத்த என்னை இன்னும் பெரிய மனிதனாக்கினார்கள். குடும்ப மானம் என்று நாற்பது வருஷம் விறைத்துக்கொண்டு திரிந்தவன், அந்த மானத்துக்காகப் பொய் சொல்லாமல் வேறென்ன செய்வான்? என் வாழ்நாளில் நான் சபையில் சொன்ன மிகப் பெரிய உண்மையை ஒருவரும் நம்பவில்லை.

பெயரை எடுப்பது என்று தீர்மானமானது. ஏணி கொண்டுவர ஆள் போனது. கூட்டம் கலைந்தபோது ஜொஹரா மட்டும் என் முன்னால் வந்து நின்றாள்.

"நல்லா நடிச்சீங்க, காக்கா. எங்க வாப்பாவுக்குக் கிடைச்ச ஒரே நியாயத்தையும் குழப்பிவிடப் பாத்தீங்க."

"ஒரு நிமிஷம் நில்லும்மா. உங்க உம்மா அன்னைக்கு நடந்ததை உங்கட்ட என்னான்னு சொன்னாங்க?"

"நெய்னா கடையில இல்லைன்னாங்கன்னு."

"துண்டுக்குக் கீழ நடந்தது?"

அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

என் கைக்குட்டையை எடுத்து இடது கையின் மேல் போட்டேன். அந்தக் கைதான் தாவூது காக்காவின் கை என்று வைத்துக்கொண்டேன். வலது கையை உள்ளே விட்டேன். அதன் பிறகு கைக்குட்டையை உதறி எடுத்துவிட்டு, அவள் பார்க்க, இரண்டு கைகளாலும் செய்து காட்டினேன்.

"அவங்க கட்டை விரலை என் உள்ளங்கையில வச்சாங்க. 'என் பொருள்'னு அர்த்தம். நான் வாயால இல்லைன்னேன். கண்ணாடி அதைத்தான் கேட்டுச்சு. கீழ அவங்க நாலு விரலையும் இப்படி மடக்கி, அவங்க உள்ளங்கைக்குள்ளயே திருப்பி வச்சேன். 'பேச்சு முடிஞ்சது, போ'ன்னு அர்த்தம். மடக்குனவன் கையை எடுத்திருக்கணும். எடுக்க முடியல்ல. அந்த மடக்குன கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். அவங்க இன்னொரு கையால என் மணிக்கட்டை ரெண்டு தட்டுத் தட்டிட்டு, அப்புறந்தான் கையை உருவிக்கிட்டாங்க."

ஜொஹரா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு தட்டு," என்றாள். "உம்மா சொல்லுவாங்க. 'இல்லைன்னவன் கையை ஏன் தட்டுனீங்க'ன்னு உம்மா கேட்டாங்களாம். 'பாவம், பயந்துட்டான்'னாங்களாம் எங்க வாப்பா." முகத்தை முந்தானையால் துடைத்தாள். "'பயந்துட்டான்'னு. நெய்னா அப்பாவையா அப்படிச் சொல்லியிருப்பாங்க? இத்தனை வருஷமா எனக்கு அது உறைக்கல்ல பாருங்க."

"இல்ல. என்னைத்தான்."

"நான் உங்களை மன்னிக்கல்ல, காக்கா."

"நான் கேக்கல்ல."

அவள் எழுந்து வாசலுக்குப் போய், ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவனை இறங்கச் சொன்னாள். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இல்யாஸிடம் அங்கேயே எழுதிக் கொடுத்தாள். வாப்பாவின் பெயர் கூடத்தில் நின்றது. ஆனால் கட்டடத்தின் பதிவில் அவர் துரோகியாகவே இருந்தார். காசு கொடுத்த யாரும் கேட்கலாம். இந்த டவர் நிற்கும்வரை கேட்கலாம்.

"அதை எப்படி மாத்துவீங்க?" என்று ஜொஹரா லிஃப்டுக்குப் போகும்போது கேட்டாள்.

"கண்ணாடிக்குத்தான் காது இருக்குன்னு சொல்றாங்களே."

மறுநாள் காலை பத்து மணிக்கு மேஜையை மறுபடியும் ஜன்னலுக்கருகே இழுத்துப் போட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ஷெய்கு தாவூதின் அமானிதத்தை இல்லையென்று சொன்னது நெய்னா முஹம்மது அல்ல. அவர் மகன் ஸதக்கத்துல்லாஹ்." அதற்கடுத்த நாளும் சொன்னேன். வாரம் போய், மாதம் போனது. பக்கத்துக் கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளப் பழகினார்கள். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்வது பதிவைக் கெடுக்கிறது, நாளுக்கு ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளவும் என்று மிஸ் லாம் கடிதம் அனுப்பினாள். அன்றிலிருந்து அஸர் தொழுகைக்குப் பிறகும் ஒரு முறை சொன்னேன். அவர்கள் கணக்கில் என் குரல் ஐம்பத்தெட்டிலேயே நின்றது.

ஐந்தாம் மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டது. எழ முடியவில்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ரிஃபாய், மணி ஒன்பதரை ஆனதும் நான் கடிகாரத்தையே பார்ப்பதைக் கவனித்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மிஸ் லாம். குரலில் வழக்கமான நிதானம் இல்லை.

"மிஸ்டர் ஸதக், இன்று காலை பத்து மணிக்கு உங்கள் கடை ஜன்னலில் உங்கள் தந்தை பேசியிருக்கிறார்."

"என் தந்தை மவுத்தாகி முப்பத்தொன்பது வருஷமாகிறது."

"தெரியும். ஆனால் பதிவு தொண்ணூற்றாறு சொல்கிறது. இல்லையென்று சொன்னது தான் அல்ல, தன் மகன் என்று சொல்லியிருக்கிறார்." சற்று நிறுத்தினாள். "சட்டம் இன்னொரு பதிவைத்தானே கேட்கிறது? இதோ இருக்கிறது. யார் பேசினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றே பழைய தீர்ப்பை மாற்றி எழுதிவிடுகிறேன். உங்கள் தந்தையின் பெயர் சுத்தமாகிவிடும்."

நல்ல பெண். எனக்கு உதவி செய்கிறாள் என்று தெரிந்தது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன்.

"அது என் வாப்பா இல்லை, மிஸ் லாம். என் மகன் ரிஃபாய். முப்பத்தெட்டு வயது. எனக்கு அந்த வயதில் இருந்ததும் என் வாப்பாவின் அதே குரல்தான். உங்கள் கண்ணாடி இரண்டாவது முறையும் தப்பாகச் சொல்லியிருக்கிறது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்."

"இரண்டையும் எழுதினால், மகனையும் தந்தையையும் பிரித்தறியத் தெரியாத கட்டடம் என்று ஆகிவிடும். முப்பத்தொன்பது வருஷப் பதிவும் செல்லாது. எல்லா மாடியிலும்."

"ஆமாம்."

"அந்தப் பெண்மணியிடம் இருக்கும் பதிவும் செல்லாது. அவருடைய தந்தைக்கு அது ஒன்றுதான் சாட்சி."

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவளிடம் பிற்பகல் வரை தவணை கேட்டுவிட்டு ஜொஹராவைக் கூப்பிட்டேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் அலுவலகத்தில் யாரோ பயணச் சீட்டுக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். தெருச் சத்தம் கேட்டது.

"அந்தப் பதிவு போயிருச்சுன்னா எங்க வாப்பா பொய் சொல்லல்லன்னு சொல்ல இந்த உலகத்துல யாரு இருக்கா, காக்கா?"

"நான் இருக்கேன்."

"நீங்க ஒருத்தரா?"

"ஒருத்தன் போதும்," என்றேன். "என்னைக் காயலுக்குக் கூட்டிட்டுப் போம்மா. உங்க மாமாமார் முன்னால உக்கார வை."

தெருவில் ஒரு பேருந்து கடந்து போனது. பிறகு அவள் பயணச் சீட்டுப் போடும் குரலில் கேட்டாள்: "ஜன்னல் பக்கத்து சீட்டா, நடைபாதைப் பக்கமா?"